முப்பது நாள்

யாரும் திரும்ப வாங்க வராத போன்கள்
கடையில் ஐந்து கிடந்தன.
ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள்
புதுசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
ஒன்றில் மைக் கரகரக்கும்.
ஒன்றின் திரையில் கொண்டை ஊசி வளைவுகளாய் விரிசல்.
சிம்மைக் கழற்றி, பழைய முகங்களையெல்லாம் துடைத்து
கேத்தி பாலாடா நூலகத்துக்கு எடுத்துப்போனேன்,
சனிக்கிழமை மூன்று மணிக்கு.

"தினமும் நடக்கிறதை எடுங்க."
"தினமும் என்னக்கா நடக்குது?" என்றான் சுஜீவன்.
பதில் தெரியவில்லை.
போனைப் படுக்கையாகப் பிடிக்கச் சொன்னேன்.

முதல் வாரம் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள்,
யூடியூப் குரலில், இல்லாத நண்பர்களுக்கு.
லவினா ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளி டை கட்டியிருந்தாள்.
அவளுக்குப் பின்னால் குடத்தோடு யாரோ வருகிறார்கள்,
கேமராவைப் பார்த்ததும்
வந்த வழியே போய்விடுகிறார்கள்.
அதைத்தான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

நிரோஷன் தன் கால்களையே எடுத்திருந்தான்,
வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை:
படி, படி, சேறு, படி, காட்டெருமைச் சாணி,
ஒரு பெரிய தாண்டல், படி.
நாற்பதாவது நொடியில் கறுப்பு.
"பனிக்கு சார்ஜ் செத்துப்போச்சுக்கா."
மறுநாளிலிருந்து போனை
அக்குளில் வைத்துச் சூடாக்கினான்.
நான் சொல்லித்தந்ததில்லை அது.

யோகதாரணி எடுத்தது முழுக்க இருட்டு.
நான்கு நிமிடம் பதினொரு நொடி.
லென்ஸை விரல் மறைத்திருக்கிறது என்று
அழிக்கப் போனேன்.
"இருங்க, வரும்."
வந்தது. கீழே, வெகு கீழே, ஒரு வெளிச்சம்.
அப்புறம் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.
நெற்றியில் டார்ச் கட்டிய பெண்கள்
ராத்திரி இரண்டு மணிக்குக் கேரட் பிடுங்குகிறார்கள்,
விடிவதற்குள் கழுவி
மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றவேண்டும்.
வெளிச்சங்கள் குனிகின்றன. நகர்கின்றன. குனிகின்றன.
"இதுல உங்கம்மா எது?"
யோசிக்காமல் ஒரு புள்ளியைத் தொட்டாள்.
"எப்படித் தெரியும்?"
"அதுதான் அடிக்கடி மேல பார்க்கும்."

நான்காம் வாரம் லவினா.
போனைப் பாத்திரங்களுக்கு நடுவே சாய்த்துவைத்து
வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.
கதவு தட்டுகிறது. குழுக்கடன்காரர் குரல்.
பீரோவுக்கும் சுவருக்கும் இடையில்
அவள் அம்மா, உதட்டில் ஒரு விரல்.
"அம்மா இல்லங்க" என்கிறாள் லவினா,
எழுதுவதை நிறுத்தாமல்,
அடுத்த கணக்கின் எண்ணைப் போட்டபடி.

"இதை அழிச்சிருங்கக்கா."
"ரொம்ப நல்லா வந்திருக்கு லவினா."
"ஆமா. அழிச்சிருங்க."
அவள் கண்ணெதிரே அழித்தேன்.
"இனிமே இல்லைல்ல?"
"இல்லை."

அழித்ததை முப்பது நாள்
போன் தனியாக வைத்திருக்கும்.
அந்த போன் என் கடை டிராயரில், சால்டரிங் கம்பிக்குப் பக்கத்தில்.
பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
இரண்டு தடவை.
அம்மாவை அல்ல, அந்தப் பென்சிலை.

பத்தொன்பதாம் நாள் நிரோஷன் கடைக்கு வந்தான்.
"நீங்க தினமும் என்ன பண்றீங்கன்னு எடுத்தேன்."
கண்ணாடிக்கு வெளியிலிருந்து, எனக்குத் தெரியாமல்:
ஒரு பெண் சார்ஜிங் பின்னை ஊதுகிறாள்,
டிராயரைத் திறக்கிறாள்,
தெருவைப் பார்க்கிறாள், மூடுகிறாள்,
திரும்பவும் திறக்கிறாள்.

"அழிச்சிரு நிரோஷா."
ஏன் என்று கேட்கவில்லை. அழித்தான்.
அப்புறம் இன்னொரு இடத்துக்குப் போய்
அங்கேயும் அழித்தான்.
"இங்கயும் அழிக்கணும்க்கா,
இல்லைன்னா முப்பது நாள் கெடக்கும்."
"உனக்கு யார் சொன்னா?"
"எல்லாருக்கும் தெரியும்க்கா" என்று
போனை அக்குளில் செருகிக்கொண்டு
படியிறங்கிப் போனான்.

எல்லாருக்கும்.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
வெளியே கேரட் மூட்டைகளோடு ஒரு லாரி
பின்வாங்கிக்கொண்டே இருந்தது.